எம்ஜிபி-க்குப் பழைய ஃபைபர் ஹார்ட்டாப்: பின் மூலை தூக்கி நிற்கிறது, எங்கிருந்து தொடங்குவது?

குரோம்பம்பர் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1972 மாடல் எம்ஜிபி ரோட்ஸ்டர், இரண்டு சீட் உள்ள பழைய பிரிட்டிஷ் திறந்த கார். இதுவரை துணிக்கூரையோடுதான் ஓடுகிறது. மழையிலும் குளிரிலும் உள்ளே உட்காருவதே சிரமமாக இருப்பதால் கழற்றி மாட்டும் கெட்டிக் கூரை, அதாவது ஹார்ட்டாப் ஒன்றை ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருந்தேன், இப்போது கிடைத்துவிட்டது. பயன்படுத்திய ஃபைபர் (கண்ணாடியிழை) கூரை, கார் கம்பெனி போட்டுக் கொடுத்தது இல்லை, அந்தக் காலத்தில் வெளியார் செய்து விற்றது. பின் கண்ணாடி நல்ல நிலையில் இருக்கிறது, விண்ட்ஷீல்டு ஃப்ரேமோடு பூட்டும் முன்பக்க லாட்ச் இரண்டும் கூரையிலேயே இருக்கின்றன, பக்கவாட்டு பிராக்கெட்டுகள் தனியாக ஒரு பையில் வந்தன. ஓரத்தை அடைக்கும் ரப்பர் பட்டை, அதாவது பீடிங் மட்டும் எங்கேயும் உருப்படியாக இல்லை, தொட்டாலே உதிர்கிறது.

நண்பர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பீடிங் எதுவும் இல்லாமல் தூக்கி வைத்துப் பார்த்தேன். முன்பக்கம் விண்ட்ஷீல்டு ஃப்ரேமின் மேல் அழகாக உட்காருகிறது. ஆனால் அப்படி உட்காரவைத்தால் பின்னால் இடது மூலை பாடியிலிருந்து ஒரு விரல் நுழையும் அளவுக்குத் தூக்கிக்கொண்டு நிற்கிறது, வலது மூலை படிந்துவிடுகிறது. பின்பக்கத்தை அழுத்தி உட்காரவைத்தால் முன்னால் இடது லாட்ச் எட்டவில்லை. போதாததற்கு இடது கதவின் கண்ணாடி மேலே ஏறும்போது கூரையின் ஓரத்தில் இடிக்கிறது, வலது பக்கமோ கண்ணாடிக்கும் கூரைக்கும் நடுவில் வெளிச்சம் தெரிகிறது.

பிராக்கெட் போல்ட்டை இறுக்கினால் அந்த மூலை கீழே வந்துவிடும் என்று ஒருவர் சொன்னார், ஃபைபர் என்பதால் வளைந்து கொடுக்குமாம். செய்யலாமா? பீடிங் எந்த வகை வாங்குவது, எவ்வளவு தடிமன்? துணிக்கூரையின் சட்டத்தைக் கழற்ற வேண்டுமா, மடித்து உள்ளேயே விட்டுவிடலாமா? பாடியில் புதிதாகத் துளை போடாமல் முடிக்க ஆசை. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டுங்கள்.


ஸ்பேனர்செட் எழுதியது:

நண்பரே, போல்ட்டை இறுக்கி அந்த மூலையைக் கீழே இழுக்கும் எண்ணத்தை இப்போதே விட்டுவிடுங்கள். ஃபைபர் வளைந்து கொடுப்பது உண்மைதான், ஆனால் வளைந்த நிலையிலேயே வைத்து வண்டியை ஓட்டினால் துளையைச் சுற்றி நட்சத்திர வடிவில் விரிசல் கிளம்பும். இன்னொரு பக்கம் அந்த இழுவிசை முன்னால் விண்ட்ஷீல்டு ஃப்ரேமுக்குப் போகும். எம்ஜிபி-யில் அது அலுமினிய ஃப்ரேம், நடுவில் பின்னால் பார்க்கும் கண்ணாடி (மிரர்) மாட்டும் அந்த ஒரு கம்பிதான் மேல் சட்டத்தைக் கீழே பிடித்துக்கொண்டிருக்கிறது. மேல் சட்டம் சதா ஒரு பக்கமாக முறுக்கப்பட்டால் விண்ட்ஷீல்டு கண்ணாடியே ஒரு நாள் விட்டுப்போகும்.

என் அபிப்ராயத்தில் நீங்கள் கூரையைப் பார்ப்பதற்கு முன்னால் வண்டியைப் பார்க்க வேண்டும். இடது மூலை தூக்குகிறது, இடது லாட்ச் எட்டவில்லை, இடது கண்ணாடி இடிக்கிறது. எல்லாமே இடது பக்கம். கூரை முறுக்கிக்கொண்டிருக்கலாம், பாடி இறங்கியிருக்கலாம், இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் சேர்ந்தும் இருக்கலாம். எது என்று தெரியாமல் கூரையின் ஓரத்தைத் தேய்க்கவோ லாட்ச்சை இடம் மாற்றவோ ஆரம்பித்தால், நாளைக்குக் கதவைச் சரிசெய்யும்போது கூரை மறுபடியும் பொருந்தாமல் போகும்.

கூரை இல்லாத வண்டியில் பாடியின் பலம் முழுக்கக் கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் ‘சில்’ என்ற பாடிப் பகுதியில்தான் இருக்கிறது. எம்ஜிபி-யில் வெளியே தெரியும் தகட்டுக்கு உள்ளே இன்னும் இரண்டு மூன்று அடுக்குத் தகடு சேர்ந்து ஒரு பெட்டி மாதிரி இருக்கும், துரு உள்ளேயிருந்து தின்றால் வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும்போதே பாடி நடுவில் லேசாகத் தொய்ந்துவிடும். அதைக் கண்டுபிடிக்கக் கதவின் பின்விளிம்பைப் பாருங்கள். கதவுக்கும் பின் ஃபெண்டருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்க வேண்டும். மேலே நெருங்கி, கீழே விரிந்திருந்தால் ஏதோ இறங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

ஆனால் கதவின் கீல் தேய்ந்திருந்தாலும் இதே அறிகுறிதான் தெரியும், அதனால் உடனே பயந்துவிட வேண்டாம். கதவைப் பாதி திறந்து பின்முனையைப் பிடித்து மேலே தூக்குங்கள். கீலில் ஆட்டம் இருந்தால் கையிலேயே தெரிந்துவிடும், கதவில் ஓடும் மடிப்புக்கோடும் ஃபெண்டரின் கோட்டைவிடக் கொஞ்சம் கீழே நிற்கும். அப்புறம் கதவை மூடிவிட்டு அந்தப் பக்கம் ஜாக் பாயிண்டில் ஜாக்கி கொடுத்து லேசாகத் தூக்கிப் பாருங்கள். தூக்கும்போது இடைவெளி மாறினாலோ, கதவு திறக்க மறுத்தாலோ சில் பலவீனமாக இருக்கிறது, கூரை வேலையை நிறுத்திவிட்டு வெல்டிங் வேலையைப் பார்க்க வேண்டும். தூக்கும்போது தகடு நசுங்குகிற சத்தம் கேட்டால் அங்கேயே இறக்கிவிடுங்கள்.

இந்தச் சோதனையைத் தவிர மற்ற நேரமெல்லாம் வண்டி நான்கு சக்கரத்திலும் சமதளத்தில் நிற்க வேண்டும், டயர்களில் காற்று சரியாக இருக்க வேண்டும். ஸ்டாண்டில் ஏற்றி வைத்துக்கொண்டு ஹார்ட்டாப் மாட்டாதீர்கள். ஸ்டாண்டில் பாடி வேறு மாதிரி நிற்கும், தரையில் இறங்கியதும் நீங்கள் செய்த அளவெல்லாம் மாறிவிடும்.

துணிக்கூரைச் சட்டம்: உள்ளேயே விடலாம், பல பேர் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் நன்றாகக் காய்ந்த துணியைத்தான் மடிக்க வேண்டும், ஈரத்தோடு மடித்து மேலே ஹார்ட்டாப்பைப் போட்டு மூடினால் பூஞ்சை பிடித்துத் துணி நாசம். பின்னால் உள்ள பிளாஸ்டிக் ஜன்னலில் மடிப்பு விழாதபடி நடுவில் மெத்தென்ற பழைய துணி வைத்து மடியுங்கள். குளிரில் விறைத்த வினைலை மடிக்கவே கூடாது, மடிப்பில் வெடிக்கும். முழுக் குளிர்காலமும் ஹார்ட்டாப்தான் என்று முடிவு செய்துவிட்டால் சட்டத்தைக் கழற்றிவிடுவது நல்லது, சீட்டுக்குப் பின்னால் இடமும் கிடைக்கும், சட்டம் கூரையின் உள்பக்கத்தில் உரசும் சத்தமும் இருக்காது.


ஃபைபர்கை எழுதியது:

மேலே சொன்னவர் சரியாகச் சொல்லியிருக்கிறார், பாடியை முதலில் பாருங்கள். நான் கூரையின் பக்கத்திலிருந்து சொல்கிறேன், எனக்கு ஃபைபர் வேலைதான் பழக்கம்.

வெளியார் செய்த பழைய ஹார்ட்டாப்கள் பெரும்பாலும் ஒரே ஒரு காரை வைத்து அச்சு எடுத்து அடித்தவை. அந்தக் காரில் இருந்த கோணல் அத்தனையும் கூரையிலும் வந்திருக்கும். அதன்மேல் பல வருஷம் யாரோ கொட்டகையில் ஒரு மூலையில் சாய்த்து வைத்திருந்தால் முறுக்கும் சேர்ந்துகொள்ளும். முறுக்கு இருக்கிறதா என்று பார்ப்பது எளிது. சமமான தரையில் கூரையை அதன் இயல்பான நிலையில் வைத்து, முன் இரண்டு மூலைக்கும் ஒரே உயரத்தில் மரக்கட்டை கொடுங்கள், பின் இரண்டு மூலைகளும் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன என்று அளந்து பாருங்கள். வித்தியாசம் 4, 5 மில்லிமீட்டர் என்றால் பீடிங்கே அதைச் சமாளித்துவிடும், கவலை வேண்டாம். அதற்கு மேல் என்றால் ஓரத்தைக் கீழ்நோக்கிக் கட்டி நீட்ட வேண்டியிருக்கும்.

அப்படி நீட்டுவதற்கு உங்கள் வண்டியையே அச்சாகப் பயன்படுத்தலாம். கூரையின் பின்விளிம்பு உட்காரும் இடத்தை நன்றாகக் கழுவித் துடைத்து, மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன்மேல் மெழுகு தடவி, மெல்லிய பாலித்தீன் தாள் விரியுங்கள். பீடிங் எவ்வளவு தடிமனாக வரப்போகிறதோ அந்த உயரத்துக்கு அங்கங்கே துண்டு கொடுங்கள். கூரையின் உள்விளிம்பை 80 நம்பர் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, நறுக்கிய ஃபைபர் கலந்த கெட்டியான ரெசினை விளிம்பில் அப்பி, கூரையை மெதுவாக இறக்கி வைத்து, அசையாமல் விட்டுவிடுங்கள். இறுகியதும் தூக்கினால் உங்கள் பாடியின் வளைவு அப்படியே விளிம்பில் பதிந்திருக்கும். பிதுங்கியதைத் தேய்த்து எடுத்து, உள்பக்கம் ஒரு அடுக்கு மேட் (ஃபைபர் இழை விரிப்பு) போட்டு ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. தேய்க்கும்போது முகமூடி கட்டாயம், கைகளை முழுக்க மூடிக்கொள்ளுங்கள், ஃபைபர் தூள் நுரையீரலுக்குக் கெடுதல், தோலில் பட்டால் இரண்டு நாள் அரிக்கும்.

ஆனால் இதெல்லாம் கதவும் கண்ணாடியும் விண்ட்ஷீல்டும் சரியான பிறகுதான், தயவுசெய்து அவசரப்பட வேண்டாம்.

ஏற்கெனவே துளையைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று வெயிலில் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். மேல்பூச்சில் மட்டும் மயிரிழை போல இருந்தால் அழகுக் குறைதான். உள்பக்கமும் தெரிந்தால் அந்த இடத்தை உள்ளேயிருந்து பள்ளமாகத் தேய்த்து மேட்டும் ரெசினும் போட்டுக் கட்ட வேண்டும், வெளியிலிருந்து பட்டி தடவி மூடினால் சில மாதத்தில் அதே கோடு மறுபடியும் எட்டிப் பார்க்கும். பிராக்கெட் வரும் இடத்தில் உள்ளே 2 அல்லது 3 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு ஒன்றை எபாக்ஸி வைத்து ஒட்டி, அகலமான வாஷரும் அதன் கீழே மெல்லிய ரப்பரும் கொடுத்து போல்ட் போடுங்கள். ஃபைபரில் சிறிய வாஷர் வைத்து இறுக்குவதுதான் பாதிப் பிரச்சினைகளுக்குக் காரணம். போல்ட் ஸ்டெயின்லெஸ் என்றால், அது அலுமினியத்தைத் தொடும் இடங்களில் நைலான் வாஷர் போடுங்கள், ஈரம் பட்டால் அலுமினியம் வெள்ளையாகப் பூத்து அரிக்கும்.


குரோம்பம்பர் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. சொன்னதையெல்லாம் செய்து பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

ஜாக்கி சோதனையில் இரண்டு பக்கமும் இடைவெளி மாறவில்லை, கதவும் தாராளமாகத் திறக்கிறது. ஆனால் இடது கதவைத் தூக்கினால் நன்றாக ஆட்டம் இருக்கிறது, மேல் கீலில்தான் அதிகம். கதவின் பின்விளிம்பு மேலே கிட்டத்தட்ட ஃபெண்டரைத் தொடுகிறது, கீழே தாராளமாக இருக்கிறது. வலது கதவு கச்சிதம்.

கூரையைத் தரையில் வைத்து அளந்ததில் பின் இடது மூலை 6 மில்லிமீட்டர் உயரம். விரிசல் எதுவும் உள்பக்கம் இல்லை.

இப்போது குழப்பம் இதுதான். கீல் தேய்ந்து கதவு இறங்கியிருக்கிறது என்றால் கண்ணாடியும் இறங்கித்தானே இருக்க வேண்டும், பிறகு ஏன் இடது கண்ணாடி கூரையில் போய் இடிக்கிறது? கூரையே அந்தப் பக்கம் 6 மில்லிமீட்டர் தூக்கி நிற்கும்போது இடைவெளிதானே இருக்க வேண்டும்?


ஸ்பேனர்செட் எழுதியது:

சில் நன்றாக இருக்கிறது என்பது பெரிய நிம்மதி, வாழ்த்துகள்.

உங்கள் கேள்வி நியாயமானது. உயரத்தை மட்டும் வைத்து யோசித்தால் அப்படித்தான் தோன்றும், ஆனால் மேல் கீல் தேய்ந்த கதவு இறங்குவது மட்டுமல்ல, பின்பக்கமாகச் சாய்கிறது. அதோடு சேர்ந்து கண்ணாடியும் பின்னால் சாயும், கண்ணாடியின் பின்மேல் மூலை கூரையின் தூணுக்குள் போய் முட்டும். இடிப்பது எந்த இடம் என்று பாருங்கள். கண்ணாடி விளிம்பில் சாக்பீஸ் தேய்த்து மெதுவாக ஏற்றுங்கள், கூரையில் எங்கே வெள்ளை ஒட்டுகிறதோ அதுதான் இடம். பின்மூலையில் ஒட்டினால் நான் சொன்னது சரி. மேல் விளிம்பு முழுக்க ஒட்டினால் கண்ணாடி உள்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது, அதற்குக் கதவின் உள்ளே கண்ணாடி ஏறி இறங்கும் தடத்தின், அதாவது சேனலின் போல்ட்டைத் தளர்த்திச் சாய்வை மாற்ற வேண்டும்.

கீலைப் புதுப்பித்து, கதவைத் தொங்கவிட்டு, இடைவெளியைச் சரிசெய்த பிறகுதான் கண்ணாடிக்கு வாருங்கள். கதவில் உள்ளே ட்ரிம் பேனலைக் கழற்றினால் முன்பக்கச் சின்ன ஜன்னலின் ஃப்ரேமும் பின் சேனலும் போல்ட்டில் நிற்பது தெரியும். அந்தச் சின்ன ஜன்னலின் ஃப்ரேம் விண்ட்ஷீல்டு தூணின் ரப்பரோடு மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரி பொருந்த வேண்டும், அதை வைத்துத்தான் மற்ற எல்லாம். அது பொருந்தவில்லை என்றால் விண்ட்ஷீல்டு ஃப்ரேமின் சாய்வைப் பார்க்க வேண்டியிருக்கும். தூண்கள் இரண்டும் டாஷ்போர்டின் இரண்டு முனையிலும் பாடிக்குள் இறங்கி போல்ட்டில் நிற்கின்றன, தளர்த்தினால் மேல் சட்டத்தைச் சிறிதளவு முன்னும் பின்னும் நகர்த்த முடியும். அந்தச் சிறிதளவுதான் உங்கள் லாட்ச் எட்டுவதற்கும் எட்டாததற்கும் உள்ள வித்தியாசமாக இருக்கலாம். போல்ட்டுக்குக் கை போவது கொடுமையான இடம், பொறுமையாகச் செய்யுங்கள், கண்ணாடியில் பலம் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று: கண்ணாடி கொஞ்சம் உள்நோக்கி அழுத்தமாக இருக்கும்படி வையுங்கள். வேகம் கூடும்போது கூரைக்கு மேலும் பக்கவாட்டிலும் காற்றழுத்தம் குறைந்து, மேலே ஃப்ரேம் இல்லாத கண்ணாடியை வெளிப்பக்கம் இழுக்கும். நிற்கும்போது பீடிங்கைத் தொட்டும் தொடாமலும் இருக்கிற கண்ணாடி ஓடும்போது விலகி விசில் அடிக்கும். ஒரு துண்டுக் காகிதத்தை வைத்துக் கண்ணாடியை ஏற்றி இழுத்துப் பாருங்கள், லேசான பிடிப்போடு வர வேண்டும், சுற்றிலும் அதே பிடிப்பு இருக்க வேண்டும்.


டூசீட்டர் எழுதியது:

நடுவில் புகுந்ததற்கு மன்னியுங்கள், என்னுடையது மாஸ்டா எம்எக்ஸ்-5, முதல் தலைமுறை. பீடிங் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பீடிங் வாங்குவதற்கு முன் இடைவெளியை அளக்க வேண்டும், கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. குழந்தைகள் விளையாடும் கலர் களிமண்ணைச் சிறு உருண்டைகளாக உருட்டி, மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றி, கூரை உட்காரும் விளிம்பு முழுக்க ஒரு சாண் இடைவெளியில் வையுங்கள். கூரையை இறக்கி, லாட்ச்சை இறுதியாக எப்படிப் போடுவீர்களோ அப்படிப் போட்டு, உடனே தூக்கிவிடுங்கள். ஒவ்வொரு உருண்டையையும் பிளேடால் குறுக்காக வெட்டித் தடிமனை அளந்து, அந்தந்த இடத்திலேயே டேப்பில் எழுதி ஒட்டுங்கள். உள்ளே குழலாக இருக்கும் D வடிவ பீடிங் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை நசுங்கும்போதுதான் நன்றாக வேலை செய்யும். இடைவெளி 7, 8 மில்லிமீட்டர் என்றால் 12 மில்லிமீட்டர் பீடிங். அதைவிடத் தடிமனாகப் போட்டால் இன்னும் நன்றாக அடைக்கும் என்று நினைத்துச் செய்தால் கூரை பீடிங்கின் மேல் மிதக்கும், லாட்ச்சை மூட உயிர் போகும், மூலைகள் தூக்கும். கூரையின் பாரம் லாட்ச்சிலும் பிராக்கெட்டிலும் இருக்க வேண்டும், பீடிங் தண்ணீரையும் காற்றையும் தடுக்க மட்டும்தான்.

EPDM என்ற செயற்கை ரப்பரைக் கேட்டு வாங்குங்கள், வெயிலுக்குத் தாங்கும். ஒட்டும் இடத்தை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, பசையை இரண்டு பக்கமும் தடவி, தொட்டால் ஒட்டாமல் இழுக்கும் பதம் வரும்வரை காத்திருந்து ஒட்டுங்கள். ஒட்டும்போது இழுத்து நீட்டவே கூடாது. நீட்டி ஒட்டிய பீடிங் சில நாளில் பழைய நீளத்துக்குச் சுருங்கி இணைப்பில் வாய் பிளக்கும். மூலையில் வெட்டி ஒட்டாமல் ஒரே துண்டாகச் சுற்றி வந்து, பின்பக்கம் நடுவில் இணையுங்கள். ஒட்டி முடிந்ததும் மெல்லிய சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள், சாதாரண பெட்ரோலிய கிரீஸும் வாசலினும் EPDM-ஐ உப்பவைக்கும், அதனால் அவை வேண்டாம்.

பின்விளிம்பு உட்காரும் பாடியில் பெயிண்ட் பாதுகாப்புப் படலம் ஒட்டிவிடுங்கள். பீடிங்குக்கு அடியில் மாட்டும் மண்துகள் உப்புத்தாள் போல வேலை செய்யும், ஒரு குளிர்காலம் முடிந்து கூரையைத் தூக்கும்போது பெயிண்டில் பட்டையாக மங்கல் தெரியும்.

எங்கள் வண்டியில் முதல் தலைமுறைக்கும் இரண்டாம் தலைமுறைக்கும் ஹார்ட்டாப் ஒன்றுக்கொன்று மாறும், அது ஒரு வசதி. பழைய வண்டிகள் எல்லாவற்றிலும் அப்படி இல்லை. ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் காரின் மூன்றாம் மார்க்கின் (பதிப்பின்) கூரை 1970-இல் வந்த நான்காம் மார்க்கில் உட்காராது. எம்ஜிபி-யில் 1962-லிருந்து 1980 வரை விண்ட்ஷீல்டு ஃப்ரேமின் அமைப்பு அதேதான் என்பதால் உங்களுக்குக் கவலையில்லை. நிரந்தரக் கூரை உள்ள எம்ஜிபி ஜிடி மாடலின் விண்ட்ஷீல்டு மட்டும் உயரம், அதன் பாகங்களை வாங்கிவிடாதீர்கள்.


குரோம்பம்பர் எழுதியது:

களிமண் யோசனை அருமை, நன்றி.

கீல் புதிதாகப் போட்டாகிவிட்டது. கதவு இடைவெளி இப்போது மேலும் கீழும் ஒன்று. சாக்பீஸ் பின்மூலையில்தான் ஒட்டியிருந்தது, கீல் மாற்றியதும் அந்த இடிப்பு நின்றுவிட்டது, கண்ணாடிச் சாய்வில் கை வைக்க வேண்டியே வரவில்லை. வலது கண்ணாடியைச் சேனல் போல்ட்டைத் தளர்த்திக் கொஞ்சம் உள்ளே கொண்டுவந்தேன். விண்ட்ஷீல்டு சாய்வைத் தொடவில்லை. பின் இடது மூலையை ஃபைபர்கை சொன்ன முறையில் பாடியையே அச்சாக வைத்துக் கட்டியாயிற்று, விளிம்பு அழகாகப் படிகிறது. இரண்டு லாட்ச்சும் எட்டுகின்றன. பிராக்கெட்டுகள் துணிக்கூரைச் சட்டத்தின் போல்ட் துளைகளிலேயே உட்கார்ந்துவிட்டன, புதுத் துளை ஒன்றுகூட இல்லை.

பீடிங் ஒட்டி மாட்டிய பிறகு மழையில் ஓட்டியதில் இடது பக்கம் விண்ட்ஷீல்டு மேல்மூலையிலிருந்து முழங்காலில் சொட்டுகிறது. 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் மெல்லிய விசிலும் இருக்கிறது. லாட்ச்சை இன்னும் இறுக்கினால் போதுமா?


டூசீட்டர் எழுதியது:

இறுக்குவதற்கு முன் எங்கிருந்து வருகிறது என்று பிடியுங்கள். சொட்டுகிற இடமும் நுழைகிற இடமும் ஒன்றாக இருப்பது அபூர்வம்.

ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்காரட்டும். உள்பக்கம் இணைப்பு முழுக்க முகப்பவுடர் தூவிவிடுங்கள். வெளியே இருப்பவர் ஹோஸில் தண்ணீரை அழுத்தமில்லாமல் வழியவிட வேண்டும், கீழேயிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு இடமாக மேலே வர வேண்டும், ஒரு இடத்தில் சில நிமிடம் நிற்க வேண்டும். மேலேயிருந்து ஆரம்பித்தால் தண்ணீர் எல்லா இணைப்பின் மேலும் வழிந்து எது குற்றவாளி என்று தெரியாது. பவுடரில் ஈரக்கோடு எங்கே தொடங்குகிறதோ அதுதான் வாசல். பிரஷர் வாஷரை எடுக்காதீர்கள், அது நல்ல பீடிங்கையும் மடக்கிவிடும்.

விசிலுக்கு மாஸ்கிங் டேப். ஒரு இணைப்பை மட்டும் வெளியே டேப் ஒட்டி மூடி அதே வேகத்தில் ஓட்டுங்கள், நிற்கவில்லையென்றால் அடுத்த இணைப்பு. நின்ற இடத்தில்தான் கோளாறு.

என் ஊகம், விண்ட்ஷீல்டு மேல்மூலையில் மூன்று ரப்பர்கள் சந்திக்கின்றன: கூரையின் முன் பீடிங், தூணின் ரப்பர், கதவுக் கண்ணாடிக்கான பக்க பீடிங். மூன்றும் சேரும் இடத்தில் முக்கோணமாக ஒரு சின்னப் பொந்து இருக்கும். அதற்கு மிருதுவான ஸ்பாஞ்ச் ரப்பரில் ஆப்பு வடிவத்தில் ஒரு துண்டு வெட்டிக் கூரைப் பக்கம் ஒட்டினால் பெரும்பாலும் தண்ணீரும் விசிலும் சேர்ந்தே நிற்கும்.


ஸ்பேனர்செட் எழுதியது:

அதேதான், அந்த மூலைதான் எல்லாருக்கும் தொல்லை கொடுக்கும் இடம். லாட்ச்சை இறுக்குவது கடைசி வழி. லாட்ச் கட்டைவிரலின் திடமான அழுத்தத்தில் மூட வேண்டும், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. உள்ளங்கையால் அடித்து மூட வேண்டியிருந்தால் அது அதிகம், கொக்கியின் திருகை ஒரு சுற்றுத் தளர்த்துங்கள்.

மாட்டும் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். கூரையை இறக்கி, முன் லாட்ச் இரண்டையும் கொக்கியில் மாட்டி மூடாமல் விடுங்கள். பக்க பிராக்கெட் போல்ட்களை விரலால் திருகும் அளவுக்கு மட்டும் போடுங்கள். கதவு இரண்டையும் மூடி, கண்ணாடிகளை ஏற்றி, கூரையைக் கையால் ஆட்டி நடுவில் உட்காரவையுங்கள். அப்புறம் லாட்ச்சை மூடி, கடைசியாக பிராக்கெட்டை இறுக்குங்கள். சில நாள் ஓட்டிய பின் மறுபடி ஒரு முறை இறுக்கிப் பாருங்கள், புது ரப்பர் படிந்து போல்ட் தளர்ந்திருக்கும்.

பிராக்கெட் போடாமல் முன் லாட்ச்சை மட்டும் நம்பிப் பக்கத்துத் தெருவுக்குக்கூட ஓட்டாதீர்கள். வேகத்தில் கூரை மேலே தூக்கப்படும், பறந்தால் பின்னால் வருபவர் மேல்தான் விழும். அதேபோல ஹார்ட்டாப் போட்டுவிட்டோம், கவிழ்ந்தாலும் தலைக்குப் பாதுகாப்பு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஃபைபர் கூரை அந்தப் பாரத்தைத் தாங்காது, கவிழும்போது தலையைக் காக்கும் இரும்பு வளைவான ரோல் பாரின் வேலையை ரோல் பார்தான் செய்யும்.


குரோம்பம்பர் எழுதியது:

டூசீட்டர் சொன்ன பொந்து அப்படியே இருந்தது, பவுடர் கோடு அங்கேதான் தொடங்கியது. ஸ்பாஞ்ச் துண்டு ஒட்டிய பிறகு சொட்டு நின்றுவிட்டது. விசில் நெடுஞ்சாலை வேகத்தில் மட்டும் மெல்லியதாக வருகிறது, டேப் வைத்துத் தேடப் போகிறேன். எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி, தனியாகச் செய்திருந்தால் போல்ட்டை இறுக்கிக் கூரையை உடைத்திருப்பாய் என்று நண்பரும் சொன்னார்.

கடைசியாக ஒன்று. கோடையில் கழற்றினால் எப்படி வைப்பது? ஃபைபர்கை சாய்த்து வைத்தால் முறுக்கும் என்றாரே.


எஸ்எல்ஓட்டி எழுதியது:

இதற்கு நான் பதில் சொல்கிறேன், என்னிடம் இருப்பது மெர்சிடிஸ் எஸ்எல் ரோட்ஸ்டர், ஆர்107 வகை, அதன் ஹார்ட்டாப் இரும்பு, 40 கிலோவுக்கு மேல் எடை, ஒவ்வொரு வருஷமும் கழற்றி மாட்டுவதால் வைக்கும் முறையைப் பற்றி யோசித்தே ஆக வேண்டியிருந்தது.

இடம் இருந்தால் மேலே தொங்கவிடுவதுதான் மிகச் சிறந்தது. கராஜ் கூரையின் விட்டத்தில் கப்பியோ சின்ன ஹாய்ஸ்ட்டோ மாட்டி, அகலமான நைலான் பட்டை இரண்டு, ஒன்று முன்னால், ஒன்று பின்னால், கூரைக்கு அடியில் குறுக்காகக் கொடுத்துத் தூக்குங்கள். பட்டை பின் கண்ணாடியிலோ பீடிங்கிலோ அழுத்தக் கூடாது. விட்டம் அந்தப் பாரத்துக்குத் தாங்குமா என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள். இதில் இன்னொரு வசதி, வண்டியை நேர் கீழே நிறுத்தி இறக்கிவிட்டால் ஒரே ஆளால்கூட முடியும். ஹாய்ஸ்ட் இல்லாமல் தூக்குவதென்றால் ஃபைபராக இருந்தாலும் இரண்டு பேர் வேண்டும், எடைக்காக இல்லை, பின்முனை இறங்கும்போது டிக்கியில் கீறல் விழாமல் பார்க்க.

தொங்கவிட இடமில்லையென்றால் வண்டியில் எப்படி உட்காருமோ அதே நிலையில் ஒரு மரச்சட்டம் செய்து அதன்மேல் வையுங்கள். பாரம் லாட்ச், பிராக்கெட் இருக்கும் நான்கு இடத்தில் இறங்கட்டும், பீடிங் எதையும் தொடாமல் அந்தரத்தில் இருக்கட்டும். ரப்பரின் மேல் பாரம் இறங்கி மாதக்கணக்கில் இருந்தால் நசுங்கியது நசுங்கியபடியே நின்றுவிடும், அடுத்த மழைக்கு மறுபடியும் பீடிங் வேலைதான். மேலே பருத்தித் துணி போர்த்துங்கள், பாலித்தீன் வேண்டாம், உள்ளே வியர்த்து ஈரம் நிற்கும். என்னுடையது போன்ற இரும்புக் கூரைகளில் பின் கண்ணாடி ரப்பருக்கு அடியில் துரு ஆரம்பிப்பது இப்படித்தான்.

லாட்ச், பிராக்கெட், போல்ட், வாஷர் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கூரையின் உள்ளேயே கட்டிவிடுங்கள். இடது வலது என்று எழுதி வையுங்கள், நீங்கள் சரிசெய்த பிறகு இரண்டு பக்கமும் இனி ஒன்றுபோல இருக்காது.